ஒளி அடிக்கும் ஓசை

மின்னல் வெட்டியதும் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணத் தொடங்கி, இடி கேட்டதும் நிறுத்துகிற பழக்கம் பலருக்கு உண்டு. மூன்று நொடி ஆனால் மின்னல் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் தள்ளி விழுந்திருக்கிறது. ஆறு நொடி என்றால் இரண்டு கிலோமீட்டர். கணக்கு எளிது. ஒளி கண் இமைப்பதற்குள் வந்துவிடுகிறது. ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் வேகத்தில் பின்னால் வருகிறது. வேகம் தெரியும், நேரம் தெரியும், ஆகவே தூரம் தெரிந்துவிடுகிறது.

இதே கணக்கைத் தலைகீழாகப் போட்டுப் பார்க்கலாம். தூரம் முன்கூட்டியே தெரியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளிச்சத்துக்கும் சத்தத்துக்கும் இடைப்பட்ட நேரத்தையும் துல்லியமாக அளந்துவிட்டோம். அப்போது கையில் கிடைப்பது சத்தம் வந்த வேகம். ‘அது எப்போதும் 340 தானே, இதில் கண்டுபிடிக்க என்ன இருக்கிறது?’ என்று தோன்றும். எப்போதும் 340 இல்லை என்பதில்தான் விஷயமே இருக்கிறது. வெடிப்பு பலமாக இருந்தால், அதிலிருந்து கிளம்பும் அலை தொடக்கத்தில் ஒலியின் வேகத்தை மிஞ்சிப் பாய்கிறது. சற்று தூரம் போய்க் களைத்த பிறகுதான் சாதாரண ஒலியாக அடங்குகிறது. எனவே ஒரே தூரத்திலிருந்து கிளம்பிய இரண்டு சத்தங்களில் எது முன்னதாக வந்து சேர்கிறதோ, அது பலமான வெடிப்பின் சத்தம்.

உலோகத்தின் மேற்பரப்பை லேசரால் பதப்படுத்துகிறவர்கள் கையில் எடுத்திருப்பது இந்தத் தலைகீழ்க் கணக்கைத்தான். அங்கே மின்னலின் இடத்தில் லேசர். இடியின் இடத்தில் ‘டப்’பென்று காதைக் குத்தும் சத்தம். ஒப்புமைக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. இரண்டு இடத்திலும் நடப்பது ஒன்றேதான். ஏதோ ஒரு பொருள் கணப்பொழுதில் பல ஆயிரம் டிகிரிக்குச் சூடேறுகிறது. அதன் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்கள் பிய்ந்துபோய்ப் பிளாஸ்மா என்ற நிலையை அடைகிறது. சுற்றியிருப்பதையெல்லாம் தள்ளிக்கொண்டு விரிகிறது. மின்னலில் அப்படிப் பிளாஸ்மா ஆவது காற்று. லேசரில் உலோகம், அல்லது உலோகத்தின் மேல் பூசிய பூச்சு.

ஒளியால் ஓசை எழுப்ப முடியும் என்பது லேசர் பிறப்பதற்கு 80 ஆண்டுகள் முன்பே தெரிந்த செய்தி. தொலைபேசியால் பெயர்பெற்ற அலெக்ஸாண்டர் கிரகாம் பெல், 1880இல் சார்லஸ் சம்னர் டெய்ன்டருடன் சேர்ந்து ஒரு வேடிக்கையான சோதனையில் இறங்கினார். துளையிட்ட வட்டு ஒன்றைச் சுழலவிட்டு, அதன் வழியே சூரிய ஒளியைத் துண்டு துண்டாக வெட்டி, மெல்லிய தகடுகளின் மேல் விழச் செய்தார். தகட்டின் பின்னால் குழாயைப் பொருத்திக் காதை வைத்தால் ரீங்காரம் கேட்டது. வட்டு வேகமாகச் சுழன்றால் சுருதி ஏறியது. ஒளி படும்போது தகடும் அதை ஒட்டிய காற்றும் சூடாகி விரிகின்றன. ஒளி மறையும்போது குளிர்ந்து சுருங்குகின்றன. இந்த விரிவும் சுருக்கமும்தான் ஓசை. கரிப்புகை படிந்த பரப்பு மற்றவற்றைவிட உரக்க ஒலித்தது. கறுப்பு, ஒளியை அதிகம் விழுங்கும் அல்லவா! இதற்கு ஒளியொலி விளைவு என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

பெல்லின் ஒளி உலோகத்தைத் தடவிக்கொடுத்தது என்றால், நாம் பேசப்போகும் லேசர் அதை அறைகிறது. ஒரு துடிப்பில் இருக்கும் ஆற்றல் என்னவோ அற்பம்தான்: 10 ஜூல், அதாவது ஒரு கிலோ எடையை ஒரு மீட்டர் உயரம் தூக்க ஆகும் ஆற்றல். ஆனால் அது முழுவதும் 20 நானோநொடியில் கொட்டித் தீர்க்கப்படுகிறது. ஒரு நொடியை நூறு கோடியாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு நானோநொடி. வகுத்துப் பாருங்கள், 50 கோடி வாட் வருகிறது. ஓர் அனல்மின் நிலையத்தின் பெரிய அலகு ஒன்றின் முழுத் திறன், 4 மி.மீ. அகலமுள்ள ஒரு புள்ளியில், அந்த 20 நானோநொடிக்கு மட்டும்.

எதற்காக உலோகத்தை இப்படி அறைய வேண்டும்? அமெரிக்க விமானப்படையின் பி-1பி குண்டுவீச்சு விமானத்தைப் பார்த்தால் புரியும். 1990களின் தொடக்கத்தில் அதன் எஃப்101 எஞ்சினின் விசிறித் தகடுகள் தொல்லை கொடுத்துக்கொண்டிருந்தன. ஓடுபாதையிலிருந்து உறிஞ்சப்படும் சிறு கல்லோ பனிக்கட்டியோ, தைட்டானியத் தகட்டின் முன்விளிம்பில் ஒரு நுண்ணிய வெட்டை உண்டாக்கிவிடும். எஞ்சின் சுழலச் சுழல அந்த வெட்டிலிருந்து விரிசல் கிளம்பும். ஒரு தகடு முறிந்தால் எஞ்சினே போய்விடும். ஆகவே ஒவ்வொரு முறை பறப்பதற்கு முன்பும் ஆட்கள் உட்கார்ந்து தகடுகளின் விளிம்பைச் சோதித்தார்கள். எப்படித் தெரியுமா? பஞ்சால் தடவி, பருத்திக் கையுறையால் தடவி, பல்லிடுக்கைச் சுத்தம் செய்யும் நூலால் இழுத்துப் பார்த்து. எங்காவது இழை சிக்கினால் அங்கே வெட்டு இருக்கிறது என்று பொருள். தகட்டை மாற்ற வேண்டும். உலகின் விலையுயர்ந்த விமானங்களில் ஒன்றின் உயிர் பஞ்சுத் துணுக்கை நம்பி இருந்தது!

விரிசலுக்கு ஒரு குணம் உண்டு. அது வளர வேண்டுமானால் அதன் இரண்டு உதடுகளும் விலக வேண்டும். உலோகம் இழுபட வேண்டும். மேற்பரப்பு எந்நேரமும் உள்ளே அமுங்கியே இருக்கும்படி செய்துவிட்டால், வெளியிலிருந்து வரும் இழுவிசையில் பெரும்பகுதி அந்த அமுக்கத்தைத் தீர்ப்பதிலேயே செலவாகிவிடும். விரிசல் வாய் திறக்காது. வெளிவிசை எதுவும் இல்லாதபோதும் உலோகத்துக்குள் தங்கியிருக்கும் இத்தகைய இறுக்கத்தை எச்சத் தகைவு என்பார்கள். சம்மட்டியால் தட்டினால் மேற்பரப்பு உறுதிப்படும் என்பது கொல்லர்களுக்குத் தெரியும். தொழிற்சாலைகளில் சிறு எஃகுக் குண்டுகளை மழையாகப் பொழிந்து அடிப்பார்கள். ஷாட் பீனிங் என்பது அதுதான். அதனால் கிடைக்கும் அமுக்கம் கால் மில்லிமீட்டர் ஆழம் வரை போகும். லேசரால் அடித்தால் ஒரு மில்லிமீட்டரையும் தாண்டும். லேசர் ஷாக் பீனிங் என்ற இந்த முறையை இனி ஒளியடி என்று சுருக்கமாகச் சொல்கிறேன். ஒஹையோ மாநிலத்தின் பட்டேல் ஆய்வகத்தில் 1970களிலேயே பிறந்து, போதிய வேகத்தில் சுடும் லேசர் இல்லாமல் தூங்கிக்கொண்டிருந்த இந்த நுட்பம், பி-1பி தகடுகளுக்காகத்தான் எழுப்பப்பட்டது. வெட்டுப்பட்ட தகடும் ஒளியடி பெற்றிருந்தால் நல்ல தகட்டுக்கு இணையாகத் தாங்கியது. 1990களின் பிற்பாதியிலிருந்து அது உற்பத்தியில் இருக்கிறது.

ஓர் அடியை மட்டும் பக்கத்தில் நின்று பார்ப்போம். தகட்டின் மேல் கறுப்பு நாடா ஒட்டப்பட்டிருக்கிறது. அதன்மேல் ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு நீர் வழிந்துகொண்டே இருக்கிறது. லேசர் நீரைத் துளைத்துப் போய் நாடாவில் விழுகிறது. நாடாவின் மேல்தோல் ஆவியாகிப் பிளாஸ்மா ஆகிறது. வெறும் காற்றாக இருந்தால் பிளாஸ்மா மேலே பீய்ச்சி அடித்துச் சிதறிப்போயிருக்கும். நீர்ப்படலம் அதை மூடிபோட்டு அமுக்கிவைக்கிறது. அந்தச் சில நானோநொடிக்குள் நீரால் நகர்ந்து வழிவிட முடியாது. அதனால் அழுத்தம் பல மடங்கு ஏறுகிறது: பல ஜிகாபாஸ்கல், காற்றழுத்தத்தைப் போல் பல பத்தாயிரம் மடங்கு. அந்த அழுத்தம் அதிர்ச்சி அலையாகி உலோகத்துக்குள் இறங்குகிறது. அலை போகும் வழியில் மேற்பரப்பு பக்கவாட்டில் நிரந்தரமாகப் பரந்துவிடுகிறது. அடியில் இருக்கும் அசையாத உலோகம் அதைப் பரவவிடாமல் நெருக்குகிறது. நாம் வேண்டிய அமுக்கம் இந்த நெருக்கல்தான். நீர் சிதறுகிறது, ‘டப்’ என்று சத்தம் வருகிறது, நாடாவில் ஒரு வெந்த வட்டம் தெரிகிறது, இயந்திரக் கை தகட்டை அடுத்த புள்ளிக்கு நகர்த்துகிறது. உலோகம் சுடுவதே இல்லை. சூட்டை நாடா வாங்கிக்கொள்கிறது. இங்கே லேசர் ஒரு சம்மட்டி, அவ்வளவுதான்.

வேலை முடிந்த தகட்டையும் முடியாத தகட்டையும் பக்கத்தில் வைத்தால் வேறுபாடு லேசில் தெரியாது. ஆழம் குறைந்த சில குழிகள் இருக்கும். உள்ளே அமுக்கம் ஏறியதா என்பதை எக்ஸ்-ரே கதிர்கள் அணு அடுக்குகளில் பட்டுச் சிதறும் கோணத்தை வைத்து அளக்கலாம். ஆனால் அந்தக் கதிர்கள் உலோகத்துக்குள் போகும் ஆழம் ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கு. அதற்குக் கீழே பார்க்க வேண்டுமானால் மேற்பரப்பை அடுக்கடுக்காகக் கரைத்து எடுத்து, ஒவ்வொரு அடுக்கிலும் அளக்க வேண்டும். பார்த்து முடிக்கும்போது தகடு மிஞ்சாது. எஃகுக் குண்டு அடிப்புக்கு ஜெனரல் மோட்டார்ஸின் ஜான் ஆல்மென் 1940களில் ஒரு நல்ல வழி சொன்னார்: மெல்லிய எஃகுப் பட்டையைக் கூடவே வைத்து அடித்து, அது எவ்வளவு வளைகிறது என்று பார். நல்ல வழிதான், ஆனால் அது பட்டையைப் பற்றிச் சொல்லுமே தவிர, பக்கத்தில் இருக்கும் தகட்டின் 217ஆவது அடி சரியாக விழுந்ததா என்று சொல்லாது. நாடா ஓரிடத்தில் கிழிந்திருக்கலாம். நீர்ப்படலம் மெலிந்திருக்கலாம். லென்ஸின் காப்புக் கண்ணாடியில் ஒரு துளி தெறித்திருக்கலாம். விட்டுப்போன ஓர் அடி போதும், விரிசல் அங்கிருந்து தொடங்க.

இங்கேதான் ஓசை உதவிக்கு வருகிறது. ஒவ்வொரு அடியும் ஒரு சத்தம் போடுகிறது. செலவில்லாமல், தகட்டைத் தொடாமல், அந்தக் கணமே. அதைப் பிடித்துப் படிக்க முடிந்தால் ஒவ்வோர் அடிக்கும் ஒரு சீட்டு எழுதிவிடலாம்.

முதல் வழி, காற்றில் ஒரு மைக்ரோபோன். அடி விழும் இடத்திலிருந்து 30 செ.மீ. தள்ளி வைத்தால் சாதாரண ஒலி வந்துசேர ஏறக்குறைய 0.87 மில்லிநொடி ஆகும். லேசர் துடிப்பு கிளம்பிய கணத்திலிருந்து கடிகாரம் ஓடுகிறது. பலமான அடியின் அலை அதற்குச் சில மைக்ரோநொடிகள் முன்னதாகவே மைக்ரோபோனைத் தொட்டுவிடும். எவ்வளவு முன்னதாக என்பதுதான் அளவு. சீனாவின் ஷென்யாங் தானியக்க ஆய்வு நிறுவனத்தில் ஒளியடிக்கு இந்த வகையில் காற்றொலியைப் பயன்படுத்திப் பார்த்திருக்கிறார்கள்.

நேரத்தையும் தூரத்தையும் வைத்து வெடிப்பின் ஆற்றலைச் சொல்ல முடியும் என்பதற்கு ஒரு புகழ்பெற்ற முன்னோடி உண்டு. 1945 ஜூலை 16 அன்று நியூ மெக்சிகோ பாலைவனத்தில் முதல் அணுகுண்டு வெடிக்கப்பட்டது. அதன் ஆற்றல் ராணுவ ரகசியம். ஆனால் தீக்கோளம் விரிவதைக் காட்டும் புகைப்படங்கள், அளவுகோலும் நேரமும் குறிக்கப்பட்டு, பின்னர் வெளியிடப்பட்டன. கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஜி. ஐ. டெய்லர் அந்தப் படங்களிலிருந்து, இன்ன நேரத்தில் கோளத்தின் ஆரம் இவ்வளவு என்று எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டு, சுமார் 17 ஆயிரம் டன் வெடிமருந்துக்குச் சமம் என்று 1950இல் வெளியிட்டார். குண்டைத் தொடாமல், ரகசியக் கோப்பைத் திறக்காமல், உண்மைக்கு மிக அருகில் வந்துவிட்டார். லேசரின் அடிக்கும் அணுகுண்டின் வெடிப்புக்கும் அளவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஆனால் அலை விரியும் விதி இரண்டுக்கும் பொது.

அந்த விதியில் ஒரு சங்கடமும் இருக்கிறது. குறிப்பிட்ட நேரத்தில் அலையின் ஆரம் இரட்டிப்பாக இருக்க வேண்டுமானால் ஆற்றல் 32 மடங்கு வேண்டும். புரட்டிச் சொன்னால், ஆற்றல் கணிசமாக மாறினாலும் அலையின் வருகை நேரம் கொஞ்சம்தான் மாறும். ஆகவே கடிகாரம் மைக்ரோநொடிக்கும் கீழே துல்லியமாக இருக்க வேண்டும். கூடத்தின் வெப்பநிலை ஒரு டிகிரி ஏறினால்கூட ஒலியின் வேகம் நொடிக்கு 0.6 மீட்டர் கூடுகிறது; அதையும் கழித்தாக வேண்டும். தகட்டின் வளைவில் இயந்திரக் கை நகரும்போது மைக்ரோபோனுக்கும் அடிபடும் புள்ளிக்கும் இடையிலுள்ள தூரம் மாறினால் கணக்கே கெட்டது. இதனால் மைக்ரோபோனை லேசர் தலையோடு பிணைத்துவிடுவது நல்லது.

இரண்டாவது வழியை அணு உலைகள் கொண்டுவந்தன. ஜப்பானின் தோஷிபா நிறுவனம் 1999 முதல், உலைக்குள் நீரில் மூழ்கியிருக்கும் எஃகுப் பாகங்களில், பற்றவைத்த இடங்களில் அரிப்பால் விரிசல் வராதிருக்க ஒளியடி கொடுத்து வருகிறது. நாடா ஒட்ட அங்கே யாரும் இறங்க முடியாது. வெறும் உலோகத்தின் மேலேயே, நீரில் எளிதாக ஊடுருவும் பச்சை லேசரால், சிறு சிறு துடிப்புகளாக, ஒரு சதுர மில்லிமீட்டரில் பல பத்து முறை அடிக்கிறார்கள். முழுக்க நீருக்குள் அடிக்கும்போது ஒரு வினோதம் நடக்கிறது: ஓர் அடிக்கு இரண்டு சத்தம்! முதலாவது பிளாஸ்மா வெடித்த சத்தம். பிளாஸ்மா அடங்கிய இடத்தில் நீராவிக் குமிழ் ஒன்று ஊதிப் பெருக்கிறது; பெருத்து, உள்ளே அழுத்தம் குறைந்து, சுற்றியுள்ள நீர் நெரிக்க, படாரென்று உள்நோக்கி இடிந்து விழுகிறது. இரண்டாவது சத்தம் அது.

குமிழ் இடிந்து விழ எவ்வளவு நேரம் ஆகும் என்ற கணக்கை இயற்பியலாளர் ராலே பிரபு 1917லேயே போட்டுவைத்திருக்கிறார். அவர் கவலை கப்பல்களின் உந்துவிசிறிகளைப் பற்றியது. குமிழ்கள் வெடித்து வெண்கல விசிறிகளைத் தின்றுகொண்டிருந்தன. அவர் கணக்கின்படி குமிழின் ஆரத்துக்கு நேர்விகிதத்தில் நேரம் கூடும். 3 மி.மீ. ஆரத்துக்குப் பெருத்த குமிழ், காற்றழுத்தம் உள்ள நீரில், 0.27 மில்லிநொடியில் இடிந்துவிடும். ஊதிப் பெருக்கவும் ஏறக்குறைய அதே நேரம். ஆகவே இரண்டு சத்தங்களுக்கு இடையே அரை மில்லிநொடிக்குச் சற்று மேல். இடைவெளியை அளந்தால் குமிழின் அளவு தெரிந்தது. அளவு தெரிந்தால் அதை ஊதிய ஆற்றலும் தெரிந்தது. இடைவெளி இரட்டித்தால் ஆற்றல் எட்டு மடங்கு. காற்றுவழிக் கணக்கைவிட இது எனக்குப் பிடித்திருக்கிறது. இரண்டு சத்தங்களும் ஒரே இடத்திலிருந்து, ஒரே வழியாக வருகின்றன. உணரி பத்து சென்டிமீட்டர் தள்ளியிருந்தாலும் இருபது தள்ளியிருந்தாலும் இடைவெளி மாறுவதில்லை. டோக்கியோ பல்கலைக்கழகத்தில் நீருக்குள் பரவும் ஒலியைப் பிடித்து ஒளியடியைக் கண்காணித்திருக்கிறார்கள். தொஹோகு பல்கலைக்கழகத்தின் ஹிதோஷி சொயாமா இன்னொரு படி போய், குமிழ் இடியும் அடி சில நிலைகளில் லேசரின் முதல் அடியையே மிஞ்சும் என்று காட்டி, அந்த இரண்டாவது அடியையும் வேலைக்கு எடுத்துக்கொண்டார்.

இவ்வளவு படித்ததும், சத்தம் பெரிதானால் அடி நன்றாக விழுந்திருக்கிறது என்று நினைக்கத் தோன்றும். அப்படி நினைத்தால் ஏமாந்துபோவோம். நம் லேசரின் 50 கோடி வாட் 4 மி.மீ. புள்ளியில் குவிவதால், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 4 ஜிகாவாட், அதாவது 400 கோடி வாட், என்று ஆகிறது. அதை ஏற்றிக்கொண்டே போங்கள். 10 ஜிகாவாட் அளவை நெருங்கும்போது நீரே தாங்காமல் உடைகிறது. லேசர் உலோகத்தை எட்டுவதற்கு முன், நீர்ப்படலத்தின் மேற்பரப்பிலேயே பிளாஸ்மா தோன்றி, பின்னால் வரும் ஒளியை மறித்து விழுங்கிவிடுகிறது. காற்றில் இருக்கும் மைக்ரோபோனுக்கு அது காதைப் பிளக்கும் வெடிப்பு. உலோகத்துக்கோ அரைகுறை அடி. நீர் வற்றிப்போய் வெற்று நாடாவில் அடித்தாலும் இதே கதைதான்: மூடி இல்லாத பிளாஸ்மா தாராளமாக மேலே வெடித்துச் சத்தம் போடும், தகட்டுக்குள் இறங்க வேண்டியது இறங்காது. சத்தம் காற்றுக்குப் போன பங்கைச் சொல்கிறது. நமக்கு வேண்டியது உலோகத்துக்குப் போன பங்கு.

அதனால் மூன்றாவதாக ஓர் உணரியைப் பாகத்தின் மேலேயே ஒட்டுகிறார்கள். அழுத்தினால் மின்சாரம் தரும் பீங்கான் வில்லை அது; அழுத்த மின் உணரி. உலோகத்துக்குள் ஒலி நொடிக்கு ஐயாயிரம், ஆறாயிரம் மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. கூடத்தில் பம்பு, விசிறி, பேச்சு என்று ஆயிரம் இரைச்சல் இருக்கும். அவை பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வெண்ணில் அடங்கிவிடுபவை. நொடிக்கு ஒரு லட்சம் அதிர்வுக்கு மேல் உள்ளதை மட்டும் கேட்கும்படி உணரியை அமைத்தால் இரைச்சலின் பெரும்பகுதி விலகிவிடுகிறது. நம் காது 20 ஆயிரத்தோடு நின்றுவிடும் என்பதால் இதை மீயொலி என்கிறோம். மைக்ரோபோனும் ஒட்டுணரியும் ஒன்றுக்கொன்று மாறாகச் சொன்னால், அங்கே சந்தேகப்பட இடம் இருக்கிறது. காற்றில் உரத்து, உலோகத்தில் மெலிந்து கேட்டால் நீர்ப்படலத்தைப் போய்ப் பார்.

இதெல்லாம் உண்மை என்று எப்படித் தெரியும்? குறுக்குவழி கிடையாது. ஒரே உலோகத்தில் பல துண்டுகள் எடுத்து, லேசரின் ஆற்றலைப் படிப்படியாக ஏற்றி அடித்து, ஒவ்வொன்றின் ஓசையையும் பதிந்துகொண்டு, பிறகு அந்தத் துண்டுகளை எக்ஸ்-ரே முறையில் அடுக்கடுக்காக அளந்து, ஓசைக்கும் தகைவுக்கும் இடையே ஒரு கோடு வரைகிறார்கள். கோடு ஒழுங்காக வந்தால் அடுத்த தகட்டில் ஓசையை மட்டும் கேட்டால் போதும். ஆனால் அந்தக் கோடு அந்த உலோகத்துக்கு, அந்த நீர்க்கனத்துக்கு, அந்த நாடாவுக்கு மட்டுமே செல்லும். ஓசை அடிக்குச் சாட்சி. தழும்புக்குச் சாட்சி அல்ல. ஓசைகளை ஆயிரக்கணக்கில் கணினிக்கு ஊட்டி, அதுவே நல்லது கெட்டதைப் பிரிக்கக் கற்றுக்கொள்ளட்டும் என்று இப்போது பலர் கிளம்பியிருக்கிறார்கள். செய்யட்டும். ஆனால் எந்த ஓசை நல்லது என்று அதற்குச் சொல்லிக்கொடுக்க, யாரோ ஒருவர் எங்கோ தகடுகளைக் கரைத்துப் பார்த்திருக்கத்தான் வேண்டும்.

ஓசையின் மாற்றமே செய்தியாகிவிடும் இடமும் உண்டு. லேசரால் துரு நீக்குவதை எடுத்துக்கொள்ளுங்கள். துரு கறுத்துச் சொரசொரப்பாக இருப்பதால் ஒளியை நன்றாக விழுங்கி வெடிக்கிறது. அடியில் உள்ள பளபளப்பான எஃகு ஒளியில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. ஆகவே அளவான திறனில் அடித்தால் துரு இருக்கும்வரை சடசடக்கும், எஃகு வெளிப்பட்டதும் ஓசை தணியும். இங்கே தகைவு எவ்வளவு என்ற கேள்வியே இல்லை. தணிந்ததும் நிறுத்தினால் போதும். லேசர் சுத்திகரிப்பு சிலைகளிலும் பயன்படுகிறது. 1972இல் வெனிஸில், சிதையும் சிலைகளை ஹோலோகிராம் படம் பிடிக்கப் போன ஜான் ஆஸ்மஸ், லேசர் பட்டதும் கரும்புகைப் படிவு ஆவியாகி, வெள்ளைச் சலவைக்கல் அப்படியே நிற்பதைக் கண்டார். கிரீட் தீவின் ஃபோர்த் ஆய்வு நிறுவனத்தில் இப்போது பெல்லின் ஒளியொலி விளைவையே கருவியாக்கி, படிவு தீர்ந்து கல் வெளிப்படும் கட்டத்தை ஓசையால் பிடிக்கிறார்கள்.

இதன் மிகத் தொலைவான உதாரணம் செவ்வாயில் இருக்கிறது. பெர்செவரன்ஸ் ஊர்தியின் தலையில் உள்ள சூப்பர்கேம் கருவி பாறைகளை லேசரால் சுடும். பக்கத்திலேயே ஒரு மைக்ரோபோன் உண்டு. 2021 மார்ச் 2 அன்று, சுமார் 3 மீட்டர் தள்ளியிருந்த ‘மாஸ்’ என்ற பாறையில் 30 முறை சுட்டு, சத்தத்தைப் பதிவுசெய்து பூமிக்கு அனுப்பியது. செவ்வாயின் காற்றழுத்தம் நம்முடையதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆனாலும் ‘டிக், டிக்’ என்று தெளிவாகக் கேட்கிறது. துலூஸ் நகரத்து ஆய்வாளர்கள் அதற்கு முன்பே ஆய்வகத்தில் பார்த்திருந்தார்கள்: ஒரே இடத்தில் திரும்பத் திரும்பச் சுட்டால், குழி ஆழமாக ஆக ஓசை மங்குகிறது. மென்மையான பாறையில் குழி விரைவாக இறங்கும், ஓசையும் விரைவாக மங்கும். கடினமான பாறை அதே ஓசையை நெடுநேரம் கொடுத்துக்கொண்டிருக்கும். கடினம், மென்மை என்று காதாலேயே பிரிக்க இது போதும். இன்னொரு பரிசும் கிடைத்தது. தூரம் தெரியும், சுட்ட கணம் தெரியும், சத்தம் வந்த கணம் தெரியும். நாம் தொடங்கிய அதே தலைகீழ்க் கணக்கைப் போட்டு, செவ்வாயில் ஒலியின் வேகத்தை முதல்முறையாக நேரடியாக அளந்தார்கள். சுருதி தாழ்ந்த ஒலிக்கு நொடிக்கு ஏறக்குறைய 240 மீட்டர், ஏறிய ஒலிக்கு 250. அங்கே ஒலிக்கு இரண்டு வேகம்.

வெடிப்பே இல்லாத லேசர் வேலைகளில் என்ன செய்வது? பல் சக்கரம், அச்சுத்தண்டு போன்ற எஃகுப் பாகங்களின் மேற்பரப்பைத் தொடர் லேசரால் செஞ்சூடாக்கி, உருகவிடாமல் நகர்ந்துபோனால், அடியில் உள்ள குளிர்ந்த உலோகம் சூட்டை இழுத்துக்கொள்ள, மேற்பரப்பு தானாகவே கெட்டியாகிவிடும். பிளாஸ்மா கிடையாது, டப் கிடையாது. ஆனால் எஃகு தானே பேசுகிறது. வேகமாகக் குளிரும்போது அதன் அணு அடுக்குகள் மார்ட்டென்சைட் என்ற கடின வடிவத்துக்குத் தாவுகின்றன. ஊசி ஊசியாக, ஒவ்வொரு ஊசியும் உலோகத்தில் ஒலி ஓடும் வேகத்தை நெருங்கும் வேகத்தில். ஒவ்வொரு தாவலும் ஒரு ‘கிளிக்’. ஜெர்மனியின் ஃபிரீட்ரிஷ் ஃபோர்ஸ்டரும் எரிஷ் ஷைலும் 1936லேயே நிக்கல் எஃகில் அதைக் கேட்டுப் பதிவுசெய்தார்கள். பொருள் தனக்குள் நிகழும் மாற்றத்தால் எழுப்பும் இந்த ஓசைக்கு ஒலி உமிழ்வு என்று பெயர். 1950இல் மியூனிக்கில் முனைவர் பட்டத்துக்காக ஜோசஃப் கைசர் அதை ஒழுங்காக ஆராய்ந்த பிறகு அது ஒரு துறையாகவே வளர்ந்தது.

இங்கேதான் கேட்பவருக்குத் திண்டாட்டம். மார்ட்டென்சைட் உண்டாவது நாம் வேண்டிக் காத்திருக்கும் நல்ல செய்தி. அதே கெட்டியான மேற்பரப்பு இழுவிசையில் வெடித்து விரிசல் விட்டால் அது கெட்ட செய்தி. இரண்டும் ஒரே உணரியில் ‘கிளிக்’ என்றுதான் விழுகின்றன. பிரிப்பதற்கு ஓரளவு உதவுவது மறுபடியும் நேரம்தான். நடுத்தரக் கரி எஃகில் மார்ட்டென்சைட் 300 டிகிரிக்குச் சற்று மேலிருந்து குளிரும் வழியில் உண்டாகிவிடும். லேசர் கடந்த சில நொடிகளில் அந்தச் சடசடப்பு பெரும்பாலும் ஓய்ந்துவிட வேண்டும். பாகம் கை வைக்கும் அளவுக்கு ஆறிய பின்னும், சில நிமிடம் கழித்தும் உணரியில் கிளிக் விழுந்தால், அந்தப் பாகத்தைத் தனியே எடுத்து வைத்து, விரிசலைக் காட்டும் சாய ஊடுருவல் சோதனைக்கு அனுப்புவார்கள்.